கம்பளியும் இரண்டு பிள்ளைகளும்

புஹேரா, வெள்ளிக்கிழமை

நம் ருவிம்போவின் அப்பாவுக்கு ஸ்தோத்திரம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

என் தம்பியைப் புதைத்த மறுநாள் அவன் துணிமணிகளைப் பங்கிட்டோம். இருந்தவர்கள் அண்ணன் தக்காருடா, அண்ணி, துக்கவீட்டில் எவரையும் கேலி பேச உரிமையுள்ள குடும்ப நண்பர் மாருவா, நான், தாயை முன்பே இழந்த தம்பியின் பிள்ளைகள் இருவர்.

கோட்டு, செருப்பு, கம்பளி எல்லாம் அண்ணன் மடிக்கே போயின. பிள்ளைகள் பேச்சு வந்ததும், "எய்ட்ஸ்ல செத்தவன் புள்ளைங்க. எங்க வீட்டுத் தட்டுல எப்படிக் களி போடுறது?" என்றார் அண்ணன்.

"தம்பி செத்தது இந்தக் கம்பளியிலதானே, பெரியவரே?" என்றார் மாருவா.

"துவைச்சாப் போயிடும்."

"அப்ப புள்ளைங்களையும் துவைச்சு எடுத்துட்டுப் போங்க."

அண்ணியே சிரித்துவிட்டார். வெட்கமில்லாமல் அண்ணனும் சிரித்து, கம்பளியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். ஞாயிறுதோறும் முன்வரிசையில் ஆமென் சொல்கிற வாய் அது. நாய்கூட அநாதைக் குட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விலகும்.

நீங்கள் கவலைப்பட வேண்டாம். பிள்ளைகள் என் பாயில்தான் படுக்கிறார்கள். சின்னவன் தூக்கத்தில் அப்பாவின் கம்பளியைத் தேடுகிறான். உங்கள் பழைய கம்பளியைப் பேருந்தில் கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம், உங்கள் வாசனை எனக்கும் வேண்டியிருக்கிறது.

நம் வீட்டு மாவுக் கணக்குப் பார்த்துவிட்டேன். காலையில் கஞ்சியாகக் காய்ச்சினால் எல்லோருக்கும் போதும். இவர்களை அழைத்துவரட்டுமா? உங்களைக் கேட்காமல் வாசலில் கொண்டுவந்து நிறுத்த மாட்டேன்.

இக்கடிதத்தைக் கொண்டுவரும் பேருந்தின் ஓட்டுநர் ஒலி எழுப்புகிறார். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உங்கள் செகேசாய்