மதாம் யுன்னுக்குத் தம்பி இல்லை

1997 செப்டம்பர் 29, திங்கள்

இன்று முழுவதும் ஒரு சொல்லுக்காகச் சண்டை. நவம்பரில் மொன்றியலில் எங்கள் ஆய்வு மையம் கொரியா பற்றி ஒரு மாநாடு நடத்துகிறது. நிகழ்ச்சிநிரலில் "வட கொரியாவில் பஞ்சம்" என்று தட்டச்சு செய்திருந்தேன். பேராசிரியர் நாகசுப்பிரமணியன் அதை வெட்டிவிட்டு "உணவு நிலைமை" என்று எழுதினார். வடக்கிலிருந்து இரண்டு அதிகாரிகள் வரச் சம்மதித்திருக்கிறார்களாம்.

"பஞ்சம்னு போட்டா வரமாட்டாங்கம்மா. அவங்க வந்தாத்தான் அது மாநாடு. இல்லேன்னா நாமளே பேசி நாமளே கைதட்டிக்கணும்."

பிறகு மேசையில் வைக்கும் இரண்டு கொரியக் கொடிகளும் ஒரே உயரமா என்று பார்க்கச் சொன்னார். அளவுகோல் வைத்து அளந்தேன். சனம் மரப்பட்டை அவித்துத் தின்பதாகச் சொல்லும் அறிக்கை பக்கத்தில் கிடந்தது. அதன் மேல்தான் கொடியைப் படுக்கவைத்து அளந்தேன்.

அக்டோபர் 4, சனி

நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழே இருக்கும் டெப்பனரில், அதாவது சின்ன மளிகைக்கடையில், மாநாட்டு விளம்பரத்தை ஒட்டக் கேட்டேன். கடைக்காரி மதாம் யுன் கொரியப் பெண்தான். ஏழு வருடமாக அவவிடம்தான் பாலும் பாணும் வாங்குகிறேன். குளிரைப் பற்றித் தவிர எதுவும் கதைத்ததில்லை. இரண்டு பேருடைய பிரெஞ்சும் நொண்டி.

தாளை வாசித்தா. ஒட்டவில்லை. கதவைப் பூட்டிவிட்டு வந்து சொல்லத் தொடங்கினா.

1950இல், கொரிய யுத்தத்தில், தகப்பனோடு கப்பலேறித் தெற்கே வந்தபோது அவவுக்குப் பதினைந்து வயது. தாயும், தாயின் முதுகில் இருந்த தம்பியும் கரையில் நின்றுவிட்டார்கள். இந்த வசந்தத்தில், கனடாக் கொரியர் ஒரு குழுவாகப் போனபோது இவவும் போய்த் தம்பியைப் பார்த்திருக்கிறா. பியோங்யாங்கில் ஒரு விருந்தினர் விடுதி, பக்கத்திலேயே ஒரு வழிகாட்டி. தம்பிக்கு இப்போது ஐம்பது வயதிருக்கும். சாப்பாட்டை அவசரமாக விழுங்கினானாம். உடம்பு தாங்காமல் மேசையிலேயே சத்தி எடுத்தானாம். மன்னிப்புக் கேட்டுக் கேட்டுத் தன் சட்டைக் கையால் துடைத்தானாம். வழிகாட்டி சிரித்துக்கொண்டு, "வயிறு நிறைந்துவிட்டது" என்றானாம்.

"உங்கள் கூட்டத்தில் இதை நான் சொல்லலாமா? என் பெயர் வேண்டாம். அவனுடைய ஊர் வேண்டாம். தெரிந்தால் அவனைத்தான் பிடிப்பார்கள்."

ஊரின் பெயரைச் சொன்னா. அதை இங்கேயும் எழுதமாட்டேன்.

அக்டோபர் 7

பேராசிரியருக்கு ஒரே சந்தோஷம். "மனுஷ முகம் ஒண்ணு இல்லையேன்னு தேடிட்டிருந்தேன். கதவை மூடிட்டுதான் பேசுவாங்க. பேரு, ஊரு, பத்திரிகைக்காரங்க, எதுவும் கிடையாது. என் வார்த்தை." முன்னேற்பாட்டுக்காக விவரம் எல்லாம் வேண்டும் என்றார். கொடுத்தேன்.

அக்டோபர் 24

வடக்கு அதிகாரிகள் வருவதை உறுதி செய்துவிட்டார்கள். பேராசிரியர் சொன்னார், "அப்போ அந்தம்மா வேண்டாம். அவங்க எதிர்ல வெச்சுப் பேச முடியாது. பக்குவமா சொல்லிடு." பக்குவமாகச் சொன்னேன். மதாம் யுன் தலையை ஆட்டிவிட்டுப் பால் பெட்டிகளை அடுக்கப் போனா. சீ.

நவம்பர் 12

வடக்கு அதிகாரிகள் வரவில்லையாம். காரணம்கூடச் சொல்லவில்லை. தொலைநகல் வந்த கையோடு பேராசிரியர் என் மேசைக்கு வந்தார். "அந்தக் கடைக்காரம்மாவைக் கூப்பிடு."

பின்னேரம் ஒட்டாவாவிலிருந்து மாக்கிரட் அழைத்தாள். மனித உரிமை அமைப்புக்காரி. சாட்சி பாரம்பரிய உடையில் வருவாவா என்று கேட்டாள். படத்துக்கு நல்லாயிருக்குமாம். படமே கிடையாது என்றேன். "ஆனால் உலகம் பார்க்க வேண்டாமா?" என்கிறாள். ஒருத்தர் அந்த மனிசியின் வாயைப் பொத்துகிறார், மற்றவள் பிளந்து காட்டச் சொல்கிறாள்.

வீட்டில் இவரிடம், என் மனிசனிடம், சொன்னேன். புவாண்ட்-கிளேர் கிடங்கு வேலையில் இருந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நீ போய்க் கேள். வாறதும் வராததும் அவவின்ர விருப்பம். நீ ஏன் தலையைப் போட்டு உடைக்கிறாய்?"

பேராசிரியரிடம் மறுபடி கேட்டேன். அதே வாக்குறுதிதான் என்றார். மதாம் யுன் வர ஒப்புக்கொண்டா.

நவம்பர் 14, வெள்ளி

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

கதவு மூடப்படவில்லை. பின்வரிசையில் கமெராவோடு ஒருவன். முன்வரிசையில் கிறிஸ்தோப்பர், பத்திரிகைக்காரன். போன வருட மாநாட்டிலிருந்தே அவனைத் தெரியும். நான் ஓடிப்போய்ப் பேராசிரியரின் காதில், "சேர், இது கதைச்ச மாதிரி இல்லை" என்றேன். முகம் திருப்பாமலே, "ரொம்ப உணர்ச்சிவசப்படாதே. சபையில் ஆள் வேணுமில்ல" என்றார்.

பிறகு எழுந்து அறிமுகம் செய்தார். மதாம் யுன்னின் முழுப் பெயரையும் சொன்னார். தம்பி இருக்கும் ஊரையும் சொன்னார். ஊரையும்! நான் கொடுத்த தாளைப் பார்த்து வாசித்தார்.

மதாம் யுன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றா. சனம் அசையத் தொடங்கியது. பிறகு தெளிவாகச் சொன்னா: "பிழை நடந்துவிட்டது. எனக்குத் தம்பி இல்லை. நான் பாலும் சிகரெட்டும் விற்கிறவள். அந்த நாட்டில் எனக்கு ஒருவரும் இல்லை."

மாக்கிரட் எழும்பினாள். "அப்படியென்றால் ஏன் அழுகிறீர்கள்?"

"வெளிச்சம் கண்ணில் குத்துகிறது."

கமெராக்காரன் அந்த வெளிச்சத்தைக்கூட அணைக்கவில்லை.

எனக்குத் தெரியும் அது என்னவென்று. எங்கள் ஊரில் ஆமிக்காரர் அண்ணையைத் தேடி வந்து கேட்டபோது என் அம்மா, "எனக்குப் பெட்டைப் பிள்ளை மட்டும்தான்" என்றா. அண்ணை கிணற்றடியில் நின்றார்.

பின்பக்க வழியாகக் கூட்டிக்கொண்டு வந்தேன். பேருந்தில் வேறு இருக்கையில் போய் இருந்தா. மண்டபத்தில் மற்றவர்கள் சாப்பிடப் போயிருப்பார்கள். "உணவு நிலைமை" அமர்வு மத்தியானத்துக்குப் பிறகு.

வீட்டுக்கு வந்ததும் கிறிஸ்தோப்பரை அழைத்து, பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்றேன். எல்லாரும் கேட்ட பெயர்தானே என்றான். ஓம், கேட்டவைதான். ஆனால் ஊர் அச்சில் வந்தால் ஒரு ஆள் செத்துப்போகும் என்றேன். கத்தினேன் போல. பக்கத்து அறையிலிருந்து இவர் எட்டிப் பார்த்தார். கடைசியில், ஊரை விடுகிறேன், பெயரை விடமுடியாது என்றான். அவ சொன்னதை அப்படியே போடு என்றேன். தம்பி இல்லை என்றதை, ஒரு சொல்லும் குறையாமல்.

நவம்பர் 15

போட்டிருக்கிறான். சின்னச் செய்தி. ஊர் இல்லை.

நவம்பர் 17

பேராசிரியர் கோபமாயில்லை. அதுதான் கொடுமை. "யோசிச்சுப் பார்த்தா இது இன்னும் பலமான சாட்சி. பயம் எவ்வளவு ஆழமா வேலை செய்யுதுன்னு காட்டுது. கட்டுரையில் ஒரு பகுதியா வெச்சுக்கலாம்." மாநாட்டுத் தொகுப்புக்குத் தட்டச்சு செய்யக் கொடுத்தார். பெயர், ஊர், தம்பியின் வயது, சத்தி எடுத்தது, எல்லாம் இருக்கிறது.

பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டுக் கொடுத்தேன்.

நவம்பர் 20

பேராசிரியர் பெயரையும் ஊரையும் திரும்ப எழுதித் தந்தார். "இது ஆய்வும்மா. விவரம் இல்லாம எப்படி?"

"சேர், அந்த ஆள் அங்கதான் இருக்கிறார்."

"யாரு படிக்கப் போறாங்க இதை? நூறு பேர்."

ஒருவரும் வாசிக்காத ஒன்றுக்காக ஒரு மனிசனைக் காட்டிக்கொடுக்கிறார். மூன்று வருடமாகப் பேராசிரியருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்த கை இது. என் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

நவம்பர் 21

வேலையை விட்டுவிட்டேன். போகுமுன் மாடியேறி மையத்தின் இயக்குநரிடம் போய், வாக்குறுதி கொடுத்ததையும் மீறியதையும் சொன்னேன். வழக்கு வருமா என்று மட்டும் கேட்டார். வரும் என்றேன். பொய்தான். அந்தப் பகுதி வராது என்று உடனே எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். வெட்கத்துக்கு அசையாத கை வழக்கென்றதும் எவ்வளவு வேகமாக எழுதுகிறது!

இவர் கேட்டார், "இனி என்ன செய்யப்போறாய்?"

"தெரியாது."

"சரி. சாப்பிடு முதல்ல."

1998 ஜனவரி 8

உறைமழை. மின்சாரம் இல்லை. மதாம் யுன்னின் கடை மட்டும் மெழுகுதிரி வெளிச்சத்தில் திறந்திருந்தது. நவம்பருக்குப் பிறகு இன்றுதான் உள்ளே போனேன். "பொன்ஜூர்" என்றா. அவ்வளவுதான். அதுவே பெரிது.

மே 2

கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேசை வேலை. நோயாளியின் பெயரைச் சத்தமாகக் கூப்பிட வேண்டாம், எண்ணைக் கூப்பிடு என்று சொல்லித் தந்தார்கள். மகிழ்ச்சியாக இருந்தது.

செப்டம்பர் 19, சனி

வடக்கே தம்பியைப் பார்க்கப் போன மதாம் யுன் திரும்பி வந்துவிட்டா. இந்த முறை விசா கிடைக்காது என்று நினைத்திருந்தோம். கிடைத்தது. இன்று கடையில் ஆளில்லாத நேரம் சொன்னா.

தம்பி உயிரோடு இருக்கிறான். பல்லில்லை, ஆனால் நடக்கிறான். அதே விடுதி, வேறு வழிகாட்டி. மேசையில் உட்கார்ந்ததும் அந்த வழிகாட்டி மொன்றியல் பத்திரிகைத் துண்டை எடுத்துத் தம்பிக்குக் கொரிய மொழியில் வாசித்துக் காட்டியிருக்கிறான். உன் அக்கா, தனக்குத் தம்பி இல்லை என்று சபையில் சொன்னவள் என்றானாம். வாசித்து முடித்து, "நல்ல காரியம் செய்தீர்கள்" என்று மதாம் யுன்னைப் பாராட்டினானாம்.

தம்பி நிமிர்ந்து பார்க்கவில்லை. இந்த முறை மெதுவாகச் சாப்பிட்டானாம். புறப்படும்போது குனிந்து, வெளிநாட்டிலிருந்து வந்த அம்மணிக்கு நன்றி என்றானாம். அக்கா என்று சொல்லவில்லை.

"நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவனுக்கு விளங்கியிருக்குமா?" என்று என்னைக் கேட்டா.

"ஓம். விளங்கித்தான் அவரும் அப்படிச் சொல்லியிருப்பார்."

கனநேரம் என் முகத்தைப் பார்த்தா. பிறகு ஆள் வந்தது. பால் எடுத்துக் கொடுக்கப் போனா.

எனக்குத் தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்?