வெறுஞ்சீட்டுப் போட்ட கை

காளியம்மன் துணை

நோரிஸ் ரோடு, சிங்கப்பூர்
12-8-1962

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாள் அவர்களுக்கு, சிவகாமசுந்தரி எழுதிக்கொள்வது.

இங்கு நான், இவர், உங்கள் மாப்பிள்ளை அழகப்பன் மூவரும் நலம். அங்கு நீங்களும் சம்பந்தி ஐயாவும் என் மருமகள் சந்திரமதியும் நலமாக இருக்க அம்மன் அருளட்டும். நலம் என்று எழுதும்போதே கை கூசுகிறது.

சந்திரமதி தகரப்பெட்டியோடு செம்பவாங் பஸ் ஏறியதிலிருந்து, யார் கேட்டாலும் "புதுப்பொண்ணு, ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கு" என்று சொல்லி வருகிறேன். நல்லவேளையாக ஆடி மாதம் வந்து என் மானத்தைக் காப்பாற்றியது. இன்னும் சில நாளில் ஆடி முடிகிறது. ஆவணி பிறந்தால் நான் என்ன சொல்வேன்?

அவள் உங்களிடம் எவ்வளவு சொன்னாளோ தெரியாது. நான் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். சேலைக்கும் நகைக்கும் வந்த சண்டை அல்ல. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். வருகிற முதல் தேதி வாக்கெடுப்புக்காக வந்த சண்டை. அழகப்பன் ஆபீஸ் விட்டதும் சர்க்கார் கட்சிக்காரர்களோடு போஸ்டர் ஒட்டப் போகிறான். ஒன்றைக் கொண்டுவந்து நம் வீட்டுக் கதவிலேயே ஒட்டிவிட்டான். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்த சந்திரமதி அதைப் பார்த்தாள். நேரே உள்ளே போய் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றி, தோசைத் திருப்பியால் சுரண்டிவிட்டாள்.

"சீட்டுல மூணு கொடி போட்டு மூணு வழி குடுத்திருக்காங்க, மூணுமே மலேசியாவுல சேர்ற வழிதான். வேணாம்னு சொல்ல இடமே இல்ல. கேள்வியே தப்புன்னா நான் எதுக்குங்க பதில் எழுதணும்? வெறுஞ்சீட்டாத்தான் மடிச்சுப் போடுவேன்" என்றாள்.

"குடிக்கிற தண்ணியே அக்கரையிலேருந்து வருது. சேராம எப்படிப் பொழைக்கிறது? இது உன் பள்ளிக்கூடப் பரீட்சை இல்ல லா" என்றான்.

"பரீட்சையில கூட எழுதாம விடுற உரிமை இருக்கு."

அதற்குத்தான் அவன் அந்தச் சொல்லைச் சொன்னான். "வெறுஞ்சீட்டுப் போடுற கை எனக்குச் சோறு போட வேணாம்." அவள் கையில் அப்போது சோற்றுக் கரண்டி இருந்தது. அதைப் பானைக்குள் வைத்துவிட்டுப் பெட்டியை எடுத்தாள்.

மறுநாள் வீட்டுக் கணக்கு எழுதி முடித்தபின், ஒரு தாளை நடுவில் கோடு போட்டு, அவன் சொன்னதை இடப்பக்கமும் அவள் சொன்னதை வலப்பக்கமும் எழுதிப் பார்த்தேன். எங்கோ ஒரு பக்கம் தப்பு தெரியும் என்று நினைத்தேன். இரண்டு பக்கமும் சரியாகவே இருக்கின்றன. எதை எதில் கழிப்பது? போதாக்குறைக்கு இரண்டு பேரும் என் ஓட்டைத் தங்கள் பக்கம் கேட்டிருக்கிறார்கள். பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆவணி பிறக்குமுன் பெண்ணைக் கொண்டுவந்து விடுங்கள். மற்றதைச் சோறு தின்றுகொண்டே சண்டை போடட்டும்.

இப்படிக்கு,
சிவகாமசுந்தரி

*

முருகன் துணை

நேவல் பேஸ் குவார்ட்டர்ஸ், செம்பவாங்
18-8-1962

சம்பந்தியம்மாவுக்குப் பூவம்மாவின் வணக்கம்.

ஆவணி பிறந்துவிட்டது, பெண்ணை அனுப்பவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம். மாப்பிள்ளை அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டால் அடுத்த பஸ்ஸிலேயே ஏறுவேன் என்கிறாள். இங்கிருந்தே பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிறாள். இவரோ யூனியன் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, "என் மக என் மகதான்" என்று அவளைத் தட்டிக்கொடுக்கிறார். எரிகிற அடுப்பில் யாராவது விசிறிக்கொண்டு நிற்பார்களா? இவர் நிற்கிறார்.

இங்கே எங்கள் லைன் முழுக்க வெறுஞ்சீட்டுப் பேச்சுதான். பக்கத்து வீட்டு சாகுல் ஹமீது மட்டும் சர்க்கார் ஓட்டுக் கேட்கிற கொடிப் பக்கம் ஏதோ சொன்னாராம். பத்து வருஷமாக ஒன்றாக ஷிப்ட் முடித்து ஒன்றாக டீ குடித்தவர்கள், இப்போது இவர் அந்தப் பக்கம் முகம் திருப்புவதில்லை. அவர் மனைவியும் நானும் வேலிக்கு மேலாக மீன் குழம்பு கைமாற்றிக்கொள்கிறோம். அங்கே இவர்களைக் கைக்கூலி என்கிறார்களாம். இங்கே அவர்களைக் கைக்கூலி என்கிறார்கள். கூலி கொடுக்கிற முதலாளி யாரென்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை.

இரண்டு பக்கமும் சரியாகவே தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அப்படித்தான். எனக்கு ஒன்று தோன்றுகிறது. நீங்கள் உங்கள் காளியம்மன் சந்நிதியில் பூக்கட்டிப் பாருங்கள். நான் எங்கள் முருகனிடம் பார்க்கிறேன். சிவப்பு அரளி வந்தால் கொடிச்சீட்டு, வெள்ளை அரளி வந்தால் வெறுஞ்சீட்டு. இரண்டு சாமியும் ஒரே பதில் சொல்லிவிட்டால், பிள்ளைகளை உட்காரவைத்து, "எங்க பேச்சு வேணாம், சாமி பேச்சையாவது கேளுங்க" என்று சொல்லிவிடலாம். வருகிற வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்வோமா?

பூவம்மா

*

காளியம்மன் துணை

நோரிஸ் ரோடு
25-8-1962

அன்புள்ள மதினிக்கு, சிவகாமசுந்தரி எழுதுவது.

நேற்று பூப் போட்டாயிற்று. இரண்டு வெற்றிலையில் இரண்டு பூவையும் தனித்தனியே மடித்து, ஒரே மாதிரி நார் சுற்றி, அம்மன் காலடியில் வைத்தேன். பூக்காரியின் சின்ன மகள் கமலாவை எடுக்கச் சொன்னேன். அவள் இரண்டையும் எடுக்கப் பார்த்தாள். "ஒண்ணுதான்டி எடுக்கணும்" என்றதற்கு, "ஏன், ரெண்டும் உங்களுதுதானே?" என்று கேட்டாள்.

சிவப்பு வந்தது.

சந்தோஷப்பட வேண்டியவள், பிரகாரம் சுற்றும்போது சந்திரமதியின் முகமே முன்னால் வந்துகொண்டிருந்தது. உங்கள் முருகனும் இதையே சொல்லியிருப்பான் என்று நம்புகிறேன். உடனே எழுதுங்கள்.

இன்னொன்று. எதிர்வீட்டுப் பிலோமினம்மாள், "ஆடி போயி ஆவணியும் வந்தாச்சு, மருமகளை எங்கே காணோம் சிவகாமி?" என்று மாடிப்படியிலேயே நிறுத்திக் கேட்டுவிட்டாள். "அவங்கம்மாவுக்கு முதுகுவலி, ஒத்தாசைக்கு நிக்கிறா" என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் உங்கள் முதுகை எடுத்துக்கொண்டதற்கு மன்னிக்கவும்.

அன்புடன்,
சிவகாமசுந்தரி

*

முருகன் துணை

செம்பவாங்
28-8-1962

மதினிக்கு,

நீங்கள் சொன்ன வேளை, முதுகுவலி நிஜமாகவே வந்துவிட்டது. தைலம் தேய்த்துக்கொண்டு எழுதுகிறேன்.

இங்கே வெள்ளை வந்தது.

நானும் முதலில் நம்பவில்லை. வெற்றிலையை இரண்டு தரம் விரித்துப் பார்த்தேன். வெள்ளையேதான். இது என்ன கூத்து? காளி தாய், முருகன் பிள்ளை. தாய்க்கும் பிள்ளைக்குமே இந்த வாக்கெடுப்பில் ஒத்துப்போகவில்லை என்றால், புருஷன் பெண்டாட்டியை நாம் என்ன சொல்வது?

சந்திரமதியிடம் சொன்னேன். "பாத்தியாம்மா, முருகனே நம்ம பக்கம்" என்று சிரித்தாள். காளி என்ன சொன்னாள் என்பதையும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. "அத்தை எனக்காகவா கோயிலுக்குப் போனாங்க?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை ஓட்டு. போகாவிட்டால் ஓட்டுப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள் என்று இவர் சொல்கிறார். போகத்தான் வேண்டும். போய் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. நீங்கள் அம்மன் சொன்னபடி செய்யுங்கள், நான் முருகன் சொன்னபடி செய்கிறேன். வேறு வழி?

பூவம்மா

*

காளியம்மன் துணை

நோரிஸ் ரோடு
7-9-1962

அன்புள்ள மதினி,

வாக்கெடுப்பு முடிந்து, கொடிப் பக்கம் ஜெயித்து, ரேடியோவிலும் சொல்லிவிட்டார்கள். நாலு பேரில் ஒருவர் வெறுஞ்சீட்டாம். அந்த ஒருவரில் நானும் ஒருத்தி. முழுதும் எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள், "சீட்டுல நம்பர் இருக்காம், யாரு என்ன போட்டாங்கன்னு கண்டுபிடிச்சுடுவாங்களாம்" என்று நடுங்கினாள். எனக்கு அந்தப் பயம் இல்லை. அம்மன் சிவப்பைக் கொடுத்திருக்கிறாள், கொடியில் கோடு போட்டுவிட்டு வருவோம் என்றுதான் போனேன். பென்சிலைக் கையில் எடுத்ததும், வெந்நீர் ஊற்றிச் சுரண்டிய கதவு கண்ணில் வந்தது. சரி, மடித்துவிடுவோம் என்றால், மழையில் நனைந்து பசை வாளியோடு வந்து நின்ற என் பையன் வந்தான். அவனையும் பொய்யன் என்று சொல்ல மனம் வரவில்லை. அவளையும் நாட்டைக் கெடுப்பவள் என்று சொல்ல வரவில்லை. "அம்மா, சீக்கிரம்" என்றார் அங்கிருந்த ஐயா. அப்படியே மடித்துப் போட்டுவிட்டேன். வேண்டாம் என்று நான் போடவில்லை மதினி. தெரியவில்லை என்று போட்டேன். எண்ணுகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதானே?

ஞாயிற்றுக்கிழமை அழகப்பன் லட்டு வாங்கி வந்தான். அப்பாவும் பிள்ளையும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"நீ எந்தக் கொடியில போட்டேம்மா?"

"வெறுஞ்சீட்டுப்பா."

விளையாடுகிறேன் என்று சிரித்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். தட்டை முன்னால் இழுத்துக்கொண்டு, "சரி, சோறு போடு" என்றான்.

"எப்படிப்பா போடுறது? வெறுஞ்சீட்டுப் போடுற கை உனக்குச் சோறு போட வேணாம்னு நீதானே சொன்ன. அந்தச் சட்டம் மருமகளுக்கு மட்டும்தானா?"

நம் கடைக்கு எல்லாக் கட்சிக்காரனும் வருவான் என்று மாதக்கணக்காக வாயே திறக்காத இவர், தம் தட்டை என் பக்கம் தள்ளி, "நான் ஒண்ணும் சொல்லலியே லா, எனக்குப் போடலாம்ல?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு வரவில்லை. எழுந்து போய்விட்டான்.

அன்றுமுதல் காப்பிக்கடையில் சாப்பிடுகிறான். ஒவ்வொரு வேளையும் அவனுக்கும் சேர்த்துத்தான் அரிசி போடுகிறேன், மிஞ்சுகிறது. பெற்ற பிள்ளைக்குச் சோறு போடாமல் உட்கார்ந்திருப்பது என்னால் ஆகிற காரியமா? அம்மனிடம் போய் நிற்கவும் கூச்சமாக இருக்கிறது. அவள் சொன்னதையும் கேட்கவில்லை, இவனையும் பட்டினி போட்டேன்.

இன்று காலை, என்னைப் பார்க்காமல் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, "செம்பவாங் பஸ் இப்ப எங்கேம்மா நிக்குது?" என்று கேட்டான். மாப்பிள்ளையாகி எத்தனை தரம் அந்த பஸ்ஸில் வந்திருக்கிறான்! தெரியாது என்று சொல்லிவிட்டேன். அவன் வந்தால் என்ன பேசுவானோ, எனக்குப் பயமாக இருக்கிறது.

அன்புடன்,
சிவகாமசுந்தரி

*

முருகன் துணை

செம்பவாங்
10-9-1962

அன்புள்ள மதினி,

உங்கள் கடிதம் காலையில் வந்தது. மாப்பிள்ளை நேற்றே வந்துவிட்டுப் போய்விட்டார். தனியாகப் போகவில்லை. இதற்குள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருப்பார்கள், ஆகையால் பாதி உங்களுக்குத் தெரியும். மீதியைக் கேளுங்கள்.

பிஸ்கட் டின்னோடு வந்தார். இவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். மாப்பிள்ளை நேரே அடுப்படி வாசலில் வந்து நின்றார். சந்திரமதி திரும்பவில்லை.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்றார். அதோடு நிறுத்தினால் அவர் உங்கள் பிள்ளையா? "ஆனா வெறுஞ்சீட்டு தப்புன்னு இன்னைக்கும் சொல்வேன்."

"நானும் மாத்திக்கல."

"சரி."

"சாப்பிட்டீங்களா?"

"அம்மா போடல."

அவ்வளவுதான் மதினி. அவள் தட்டை எடுத்து வைத்தாள். காலையிலிருந்து பட்டினி போல. நான் குழம்பு ஊற்றும்போது என் கையைப் பார்த்தார். "அத்தை, இந்த வீட்டுல எல்லாரும் வெறுஞ்சீட்டுதானே?" என்று கேட்டார். பேப்பருக்குப் பின்னாலிருந்து இவர் கனைத்தார். "சாப்பிட்டு முடிங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்று நழுவிவிட்டேன்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நான் கொடியில் போட்டேன். முருகன் வெள்ளை கொடுத்தும் போட்டேன். மாப்பிள்ளைக்காகவா என்றால், பாதி அதற்காக. மீதி, அந்தச் சீட்டில் இருந்ததில் நம் ஊர்க் கொடி ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த முகத்தைப் பார்த்துச் சிரிப்பதுபோல அதில் போட்டுவிட்டேன். இவருக்குத் தெரிந்தால் இங்கே என் கைச்சோறு என்ன ஆகுமோ. படித்ததும் கிழித்து அடுப்பில் போடுங்கள்.

அம்மனிடம் நிற்கக் கூச்சப்பட வேண்டாம். நீங்கள் என் முருகன் பேச்சைக் கேட்டிருக்கிறீர்கள், நான் உங்கள் காளி பேச்சைக் கேட்டிருக்கிறேன். தாயும் பிள்ளையும் அவர்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

பூவம்மா

*

காளியம்மன் துணை, முருகன் துணை

நோரிஸ் ரோடு
4-11-1962

அன்புள்ள மதினி பூவம்மாவுக்கு,

தலைதீபாவளிக்கு அங்கு வந்த பிள்ளைகள் சீரும் பலகாரமுமாகத் திரும்பி வந்தார்கள். அதிரசம் பிரமாதம். பிலோமினம்மாளுக்கும் கொடுத்து, உங்கள் முதுகு தேறிவிட்டது என்று சொன்னேன்.

கடிதத்தை எரிக்கச் சொன்னீர்கள். எழுதிய தாளை எரிக்க என்னால் ஆவதில்லை. அரிசிப் பீப்பாய்க்கு அடியில் இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

நம் வீட்டில் இப்போது வேறு சண்டை. இந்தியாவும் சீனாவும் எல்லையில் அடித்துக்கொள்கின்றனவே, இந்தியாவுக்காக இங்கே நிதி திரட்டினார்கள் என்று சந்திரமதி கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள். சீனாவுக்கு வால் பிடிக்கிற சிவப்புக் கட்சிக்காரி என்று அவளை ஏசிய என் பிள்ளைக்கு வாய் அடைத்துவிட்டது. அப்புறம், "நம்ம நாடு இது, அங்கே எதுக்குக் குடுக்கணும்?" என்று ஆரம்பித்தான். அவள், "அப்ப மலேசியா மட்டும் எதுக்கு?" என்றாள். யார் எந்தப் பக்கம் என்றே எனக்குப் புரியவில்லை. தேக்கா மார்க்கெட்டில் நமக்கு மீன் வெட்டித் தரும் சீனக் கிழவி இன்றைக்கு என்னைப் பார்த்துத் தயங்கினாள். நானும் தயங்கினேன். எங்கோ மலையில் சுடுகிறார்கள், இங்கே இரண்டு கிழவிகள் ஒருவரையொருவர் பார்த்துக் கூசுகிறோம். கடைசியில் அவளே வழக்கம்போல மீன்தலையை இனாமாகப் போட்டாள். வாங்கிக்கொண்டு வந்தேன். வாங்கலாமா கூடாதா என்று யாரிடம் கேட்பது? இனி பூக்கட்டிப் பார்ப்பதாக இல்லை.

இதை எழுதும்போதுகூடக் கூடத்தில் இரண்டு பேர் குரலும் உயர்ந்துகொண்டிருக்கிறது. அவன் வலது கையை ஆட்டி ஆட்டி ஏதோ மறுக்கிறான். அவள் விடாமல் பதில் சொல்கிறாள். பேச்சை நிறுத்தாமலே அவன் இடது கையால் தட்டை நீட்டுகிறான். அவளும் பேச்சை நிறுத்தாமலே சோறு போடுகிறாள்.

உங்கள்,
சிவகாமசுந்தரி