வெள்ளை லேபிளில் யார் பெயர்

மார்ச் 3, செவ்வாய்

வேலை முடிந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் அதைத்தான் போட்டேன். மூன்றாவது முறையாக ஊசியை எடுத்து வைத்தபோது இவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "அந்தப் பாட்டு நம்ம வீட்டுலயே குடியிருக்கு. வாடகையாவது கேட்டு வாங்கு." சிரித்தேன். நிறுத்தவில்லை.

எல்லோருக்கும் தெரிந்த பழைய ஆட்டப் பாட்டுதான். ரேடியோவில் வந்தால் தொடங்கிய வேகத்தில் முடிந்துவிடும். என்னிடம் இருக்கும் இந்தப் பெரிய இசைத்தட்டில் அதையே அறுத்து, ஒட்டி, தாளத்தை இழுத்து, வேறொரு பாட்டாகவே ஆக்கியிருக்கிறார்கள். நடுவில் ஓரிடத்தில் எல்லாம் நின்றுவிடும். ஒரு மூச்சு விடும் நேரம் சத்தமே இல்லை. பிறகு தாளம் முகத்தைத் திருப்பிக்கொண்டதுபோல எதிர்ப்பக்கமாகப் பிடிக்கும். அந்த ஒரு மௌனத்துக்காக இந்தத் தட்டைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். லேபிள் வெறும் வெள்ளை. பாட்டின் பெயர் இல்லை, கம்பெனி பெயர் இல்லை, ரீமிக்ஸ் செய்தவர் பெயரும் இல்லை.

யார் செய்தது? பழைய சாமான் கடையில் இதை எடுத்த நாளிலிருந்து இந்தக் கேள்வி செருப்புக்குள் புகுந்த கல்லாக உறுத்துகிறது.

மார்ச் 8, ஞாயிறு

வக்கீல் போன் செய்தார். எனக்குத் தெரிந்து இந்தத் தட்டு வைத்திருக்கும் இன்னொருவர் அவர்தான். ரீமிக்ஸ்களைப் பற்றிப் புத்தகம் எழுதி முடித்துவிட்டாராம். இந்தப் பாட்டுக்கு ஓர் அத்தியாயமே இருக்கிறதாம். செய்தது பெரியவர்தான் என்று முடிவு கட்டிவிட்டார். பெரியவர் என்றால், தட்டு சேகரிக்கும் எங்கள் வட்டத்தில் எல்லோரும் கையெடுத்துக் கும்பிடும் ரீமிக்ஸ்காரர். இறந்து வெகு காலமாகிறது. மறுத்துப் பேச அவரும் இல்லை.

வக்கீலின் ஆதாரம், லேபிளைச் சுற்றியுள்ள உள்வளையத்தில் ஊசியால் கீறியிருக்கும் நான்கு சின்ன வட்டங்கள். "அது நாலிதழ்ப் பூ மேடம். பெரியவரோட முத்திரை."

நான் ஒட்டுகளைப் பற்றிச் சொன்னேன். நாளெல்லாம் எக்ஸ்ரே அறையில் நிற்கிறவள். முறிந்து சேர்ந்த எலும்பு எந்த இடத்தில் சேர்ந்தது என்று பார்த்ததும் தெரியும். இந்தப் பாட்டிலும் தெரிகிறது. ஒவ்வொரு ஒட்டிலும் மெல்ல ஒரு 'தப்'. பெரியவர் இப்படி விட்டிருக்க மாட்டார். இது யாரோ வீட்டில் உட்கார்ந்து டேப்பைப் பிளேடால் வெட்டி ஒட்டிய வேலை.

"உங்க காதைக் கூண்டுல ஏத்த முடியாது மேடம். ஆதாரம் கொண்டு வாங்க. அடுத்த மாசக் கடைசியில அச்சுக்குப் போகுது."

மார்ச் 11, புதன்

ஒன்றும் நடக்கவில்லை. நகத்தைக் கடித்தே தீர்த்துவிட்டேன்.

மார்ச் 14, சனி

உள்வளையத்தில் கீறுவது பாட்டுக்காரர்கள் இல்லை, டேப்பிலிருந்து பாட்டைத் தட்டில் வெட்டிப் பதிக்கிறவர்தான் என்பது இத்தனை நாள் என் மண்டையில் ஏன் ஏறவில்லை? அந்த நாளில் இங்கே தட்டு வெட்டும் அறை ஒன்றுதான் இருந்தது. அங்கே வேலை பார்த்தவர் இப்போது டயர் கடைக்கு மேல்மாடியில் மகன் வீட்டில் இருக்கிறார். மருமகள்தான் கதவைத் திறந்தார். உள்ளே மாமனாரிடம் தட்டை நீட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"பூவா? யாரும்மா சொன்னது? இது சக்கரம். யாருக்கு வெட்டறேனோ அவங்க அடையாளமா எதையாவது கீறி வைப்பேன். இவங்க ஸ்கேட்டிங் அரங்கு நடத்தினவங்க. புருஷனும் பொண்டாட்டியும் வந்தாங்க. மாடிப்படியில நின்னு ஒரே சண்டை. நான் சாப்பிட்டுட்டு வந்தும் முடியல."

"என்ன சண்டை?"

"அடுத்தவங்க வீட்டுச் சண்டையக் காது குடுத்துக் கேக்கலாமா? கேக்கத்தான் பார்த்தேன். மெஷின் சத்தத்துல ஒண்ணும் புரியல."

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

மார்ச் 21, சனி

அரங்கு இப்போது சோபாவும் கட்டிலும் விற்கும் கடை. மரத்தரை மட்டும் பழையதுதான். அலமாரிகளுக்கு இடையே வளைவாகத் தேய்ந்த தடம் தெரிகிறது. ஸ்கேட்டிங் நடத்தியவர்களைத் தெரியுமா என்று மேலாளரிடம் கேட்டேன். "தெரியுமாவா? மாசா மாசம் வாடகையே அந்தம்மாவுக்குத்தான் போகுது" என்றார். தயங்கித் தயங்கி எண்ணைக் கொடுத்தார்.

மார்ச் 22, ஞாயிறு

கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "எந்தப் பாட்டும் எனக்குத் தெரியாது. ராங் நம்பர்."

ராங் நம்பர் என்று சொல்ல அவ்வளவு நேரம் யோசிப்பார்களா?

மார்ச் 25, புதன்

இன்று இடது மணிக்கட்டுக்குப் பதில் வலது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துவிட்டேன். டாக்டர் திருப்பி அனுப்பினார். "அக்கா, உங்களுக்கா இப்படி?" என்றாள் நர்ஸ். எனக்கேதான்.

வீட்டில் சொன்னேன். "அவங்களுக்கு வேணாம்னா விட்டுடேன்" என்றார் இவர். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. உங்களுக்கென்ன தெரியும், அவங்களுக்கு வேணாம்னு உங்ககிட்ட வந்து சொன்னாங்களா— அப்படி இப்படி என்று கத்திவிட்டேன். இவர் தன் பாட்டுக்குத் துணி மடித்தார். அதுதான் இன்னும் எரிச்சல்.

யாருக்காக இந்த ஓட்டம்? அந்தம்மாவுக்காகவா? இல்லை, வக்கீல் முகம் தொங்கிப்போவதைப் பார்க்கவா? உண்மையைச் சொன்னால் இரண்டாவதுதான் கூடுதல்.

மார்ச் 28, சனி

காலையில் அந்தம்மாவே கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, "அது இன்னும் இருக்கா?" என்றார்.

"என் கையில இருக்கு."

"புதன்கிழமை காலையில வாங்க. இவர் பல் டாக்டர்கிட்ட போவார். அன்னைக்கு நீங்க கூப்பிட்டப்போ இவர் பக்கத்துல இருந்தார், அதான்."

அப்படியென்றால் அந்த மாடிப்படிச் சண்டைக்காரர்கள் இன்னும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

ஏப்ரல் 1, புதன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

அந்தம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். குட்டையான உருவம், வெட்டிய முடி. நான் கொண்டுபோன சின்ன ரெக்கார்டு ப்ளேயரைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தோம். பாட்டு ஓட ஓட அவர் வலது கைக் கட்டைவிரல் மேஜையில் தட்டியது. தாளத்துக்கு இல்லை, ஒட்டு வரும் இடத்துக்கு. ஒவ்வொரு ஒட்டுக்கும், 'தப்' கேட்பதற்கு முன்னாலேயே. எனக்கு வேறு ஆதாரம் வேண்டியிருக்கவில்லை.

"புதுசா வர்றவங்க தட்டுத் தடுமாறி ஒரு சுத்து வர்றதுக்குள்ள பாட்டு முடிஞ்சு போயிடும். பாவமா இருக்கும். அதான் இழுத்தேன். இந்த மாதிரி மேஜையிலதான், ரெண்டு டேப் ரெக்கார்டர் வெச்சுக்கிட்டு."

தட்டு ஆக்கலாம் என்றது கணவராம். அரங்கில் விற்கலாம் என்று டேப்பை எடுத்துக்கொண்டு போனார். லேபிளுக்குத் தன் பெயரை எழுதிக் கொடுத்தார். "மாடிப்படியில வெச்சுக் கேட்டேன். அரங்கு என்னுது, பாட்டு போடறது என்னுது, பேரும் என்னுதுதான்னார். என் பேர் இல்லாம வெளிய வரக்கூடாதுன்னேன். ரெண்டு பேரும் இறங்கி வரல. வெட்டறவருக்கு நேரமாயிடுச்சு. கடைசில யார் பேரும் இல்லாம வெள்ளையா வந்துச்சு. அப்புறம் நான் டேப்பைக் கையில தொடல."

எங்கள் வட்டத்தில் அந்த வெள்ளை லேபிளுக்கு என்னென்ன விளக்கம் சொல்லியிருக்கிறோம்.

அப்போது வாசலில் சாவிச் சத்தம். டாக்டர் வரவில்லையாம், கணவர் திரும்பிவிட்டார். உயரமான மனிதர். மேஜையையும் என்னையும் பார்த்தார், பாட்டைக் கேட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இது நான் பண்ணது" என்றார் என்னிடம்.

அந்தம்மாவின் கட்டைவிரல் நின்றுவிட்டது. எழுந்து போய்விடலாமா என்று இருந்தது எனக்கு. போகவில்லை. பாட்டு அந்த மௌனத்துக்கு வந்து, தாண்டியது.

"இந்த இடத்துல ஏன் சார் நிக்குது?" என்று கேட்டேன்.

"அது டேப் அறுந்த இடம். அப்படியே விட்டுட்டோம்."

"அறுந்ததா?" அந்தம்மா அவரைப் பார்க்காமலே பேசினார். "ஒரே பக்கமாச் சுத்தினா ஒரு கால் மட்டும் வலிக்கும். பாதியில திசை மாத்தணும். ஓடிக்கிட்டு இருக்கறப்போ சொன்னா ஒருத்தர் மேல ஒருத்தர் விழுவாங்க. பாட்டு நின்னா தானா நிப்பாங்க. அப்போ விசில் ஊதித் திருப்பிவிடணும், அதுக்கு விட்ட இடம். முதல் தடவை போட்ட அன்னைக்கு விசில் ஊதாம முழிச்சுக்கிட்டு நின்னது யாரு?"

பாட்டு முடிந்து தட்டு சும்மா சுற்றியது. யாரும் ஊசியை எடுக்கவில்லை.

"நான்தான்" என்றார் அவர். "எங்கிட்ட சொல்லவே இல்ல. திடீர்னு பாட்டு நின்னதும் மொத்த அரங்கும் என்னைப் பார்த்துச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம்தான் ஊதினேன். எல்லாரும் அழகாத் திரும்பினாங்க." தலையைத் தடவிக்கொண்டார். "இவ பண்ணதுதாம்மா. எல்லாம்."

அந்தம்மா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

பையில் பேனா இருந்தது. எப்படித் தோன்றியதோ, தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்து, "எழுதுங்கம்மா" என்றேன். வெள்ளை லேபிளில் பேனா பட்டால் தட்டின் மதிப்பு போச்சு. தெரிந்துதான் கொடுத்தேன். மை கசியாமல், மெதுவாக, முழுப் பெயரையும் எழுதினார். தன் பெயரை மட்டும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

வக்கீலிடம் சொன்னேன். சக்கரம், மேஜை, விசில், எல்லாம். அவர் பதறியது ஒன்றுக்குத்தான். "பேனாவால எழுத விட்டீங்களா?"

அத்தியாயத்தைப் பற்றிக் கேட்டால், யோசிக்க வேண்டும் என்கிறார். நான்கு வருஷ உழைப்பு என்கிறார். முகம் தொங்கித்தான் போயிருக்கும். நினைத்த அளவு சந்தோஷம் வரவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

இவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு?" என்றார். மறந்தே போயிருக்கிறார். அல்லது நடிக்கிறார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

நேற்று வக்கீல் கூப்பிட்டு, அந்தம்மாவின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். அச்சகத்தில் தேதியைத் தள்ளி வைத்திருக்கிறாராம். நான் சொல்லவில்லை. எண்ணைக் கொடுத்து, அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

இன்று மாலை அந்தம்மா போன் செய்தார்.

"உங்க வக்கீல் ரொம்பக் கேள்வி கேக்கறார். நான் ஒண்ணு சொல்லி முடிக்கறதுக்குள்ள இவர் போனைப் பிடுங்கிக்கறார்."

பின்னாலிருந்து கணவர் குரல் கேட்டது. "ஒட்டறப்போ டேப்போட அந்த முனையைப் பிடிச்சுக்கிட்டது யாருன்னு சொல்லு."



"பிடிச்சுக்கிட்டார்" என்றார் அந்தம்மா. "அதையும் எழுதச் சொல்லுங்க."