முகம் பிடிக்கிற படிப்பு

நவம்பர் 4, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. தோட்டத்தில் வெங்காயத் தறைக்குள் வெள்ளம். அப்பா மண்வெட்டியோடு போய்விட்டார். கரன்ட் போவதும் வருவதுமாக.

விண்ணப்பம் திங்களோடு முடிகிறது. கணினி விஞ்ஞானம் முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று இன்னும் முடிவில்லை. முன்னால் இருப்பவை:

– கணினிப் பார்வை, எம்.எஸ்சி., நோர்வே. படங்களை, முகங்களை வாசிக்க இயந்திரத்தைப் பழக்குகிற படிப்பு. புலமைப்பரிசில் கிடைக்கலாம். எனக்கு வேண்டியது இதுதான்.
– தரவு விஞ்ஞானம், கொழும்பு. வார இறுதி வகுப்பு. சலிப்பு.
– எம்.பி.ஏ. கனடா மாமாவின் கட்டளை. "கொம்பியூட்டர் வேலையெல்லாம் இனி மெசினே செய்யுமாம், தம்பி." கொம்பியூட்டர் மெசின் இல்லையென்று இவருக்கு யார் சொன்னது?

கஜனுக்கு ஃபோன் எடுத்தேன். கம்பஸில் நாலு வருசமும் பக்கத்து வாங்கில் இருந்தவன். "டேட்டா சயன்ஸைப் போடு மச்சான். முகம் பிடிக்கிறது பொலிசுக்காரன்ரை வேலை." ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பிழை. பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்த அம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

"உந்தப் படிப்பு முகம் பிடிக்குமோ?"

"ஓம்."

"தாடி வைச்சிருந்தாலும்?"

"ஓம்."

"கனகாலம் போய், ஆள் மாறியிருந்தாலும்?"

"ஓம் அம்மா, ஓம்."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னது. எடுத்துப் பார்த்தபோது அம்மாவின் கை நின்றிருந்தது. யாரைப் பற்றிக் கேட்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது.

"அப்ப நோர்வேக்கே போ."

நவம்பர் 5, புதன்

போயா, பௌர்ணமி விடுமுறை. மழை இல்லை. வெக்கை.

மடிக்கணினியின் மேல் அம்மா கொண்டுவந்து வைத்த அண்ணையின் படம். பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டு, கழுத்தில் ரை, படிய வாரிய தலை. கடைசிச் சண்டையில், வன்னியில், ஓடிவந்த சனத்துக்குள் எங்களிடமிருந்து தவறியவர். அவருக்கு அப்போது பதினேழு, எனக்கு எட்டு. செத்தார் என்று சொல்ல ஆள் இல்லை. இருக்கிறார் என்று சொல்லவும் இல்லை.

"உதுக்கு வயசேத்து," என்றார் அம்மா.

"அது சும்மா ஒரு ஊகம் அம்மா. உண்மையான முகமாய் வராது."

"ஏத்து."

ஏற்றினேன். முதல் தடவை வந்தது கன்னம் உப்பிய யாரோ அந்நியன். வெள்ளைக்காரப் படங்களைத் தின்று வளர்ந்த மென்பொருள் வேறென்ன தரும்? அப்பாவின் கலியாணப் படம், என்னுடைய படங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தேன். திரும்ப ஓட்டினேன். தாடை சரி. நெற்றி ஏறியது. இப்போது எங்கள் ஊர் ஆள். முப்பத்துமூன்று வயது. சிரிக்கவில்லை. பார்க்கிறார்.

மூட முடியவில்லை. மூடினாலும் அந்தப் படம் பின்னால் திறந்தே இருக்கிறது என்ற நினைப்பு.

அண்ணையைப் பற்றி என்னிடம் உருப்படியாக இருந்த ஞாபகம் ஒன்றுதான்: கிணற்றடியில் ஒரு வாளித் தண்ணீரை என் தலையில் கவிழ்த்துவிட்டு ஓடுவது. இன்று நினைத்துப் பார்த்தேன். ஓடுகிறவர் திரும்பிப் பார்க்கிறார். முப்பத்துமூன்று வயது முகம். மேலெழுதிவிட்டேன். பழைய பிரதி இல்லை.

நவம்பர் 6, வியாழன்

அம்மாவுக்குக் காட்டினேன்.

"உவன் ஆர்?"

அண்ணை எப்போதும் அம்மாவுக்கு 'அவன்'. எங்கோ தூரத்தில் இருக்கிறவன். திரையில் இருந்தது 'உவன்'. என் பக்கத்தில் இருக்கிற எவனோ. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார்.

"மூக்கு உன்ரை. கண் கொப்பாவின்ரை. அவன் எங்கை?"

மென்பொருள் கொடுத்ததைக் கலந்து திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். என் இறுதியாண்டு ஆய்வைக் குடைந்த ஒருவரும் இவ்வளவு சுருக்கமாகக் குடையவில்லை.

அப்பா வாசலில் நின்று பார்த்தார். கிணற்றடிக்குப் போனார். கால் கழுவுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. அவ்வளவு சேறு இல்லை.

பின்னேரம் அம்மா: "எண்டாலும் என்ரை ஃபோனுக்கு அனுப்பிவிடு."

நவம்பர் 7, வெள்ளி

தூறல். அம்மாவை மோட்டார் சைக்கிளில் சந்நிதி முருகன் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். வெள்ளி தவறாமல் பஸ்ஸில் போவார். கும்பிடத்தான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

கும்பிட்டார், அது கொஞ்ச நேரம். பிறகு அன்னதான மடம். சாப்பிட உட்காரவில்லை. பந்தி நீளத்துக்கு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். இன்று கையில் ஃபோன்.

"இப்பிடி ஒராளைக் கண்டனீங்களோ?"

தலையாட்டல்கள். ஒரு மனுசி, "முருகன் காட்டுவான், அக்கா." வரிசைக் கடைசியில் ஈர வேட்டியோடு ஒருவர். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பப் படத்தை.

"பகிடி விடுறியளோ அம்மா? பக்கத்திலை நிக்கிறாரே!"

பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. ஃபோனை என் முகத்தருகே பிடித்தார். படம், நான். படம், நான். நான் நிரலுக்கு எழுதிக் கொடுக்கிற அதே வேலை. விடை அவர் முகத்தில் தெரிந்தது.

திரும்பும் வழியில் அச்சுவேலி தாண்டினோம். பிறகு முதுகுக்குப் பின்னால் அம்மா: "நோர்வேக்குப் போய்த் திரும்பி வரேக்கை நீ இப்பிடித்தான் இருப்பாய்."

"என்ன?"

"ஒண்டுமில்லை. பாத்து ஓடு."

நவம்பர் 8, சனி

அம்மா காலையிலேயே: "கொழும்புப் படிப்பும் நல்லதெண்டுதானே கஜன் சொன்னவன்?"

எரிச்சல். செவ்வாய் நோர்வே, சனி கொழும்பு. சொல்லிவிட்டேன், சொல்லியிருக்க வேண்டியதை: "அம்மா, எந்தப் படிப்பும் துலைஞ்ச ஆளைத் தேடாது. ஆள் கமராவுக்கு முன்னாலை வரோணும். வந்தால்தான் ஆரெண்டு சொல்லும்."

"தெரியும்."

"தெரிஞ்சோ? பிறகேன் கேட்டனீங்கள்?"

"கேக்காமல் இருந்தால், விட்டிட்டன் எண்டு வந்திடும்."

சொல்லிவிட்டு முற்றம் கூட்டப் போனார். அழுவார் என்று ஆயத்தமாக இருந்தேன். இதற்கு ஆயத்தம் இல்லை.

விண்ணப்பத்தில் கேள்வி: இந்தத் துறை ஏன்? மருத்துவப் படங்கள், பாதுகாப்பு என்று எழுதினேன். பொய் இல்லை. அழித்தேன். யோசித்துக்கொண்டிருக்கத் திரை தானாக அணைந்தது. கறுப்பில் ஒரு முகம். நான்தான். உறுதிப்படுத்த ஒரு கணம் தேவைப்பட்டது.

நவம்பர் 9, ஞாயிறு

ஒன்றும் எழுதவில்லை. கனடாவிலிருந்து மாமாவின் ஃபோன். எடுக்கவில்லை.

நவம்பர் 10, திங்கள்

வெயில். அப்பா தறையில்.

கேள்விக்கு மருத்துவப் படங்களையே திரும்ப எழுதினேன். அனுப்புமுன் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"எது?"

"நோர்வே. நீங்கள் கேட்டதுக்கில்லை. எனக்கு விருப்பம்."

கையைச் சீலையில் துடைத்தபடி நின்றார். "விருப்பமெண்டால் அனுப்பு."

அழுத்தினேன். விண்ணப்பம் கிடைத்ததென்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

"அம்மா, உங்கடை ஃபோனிலை உள்ள அந்தப் படத்தை அழிக்கட்டோ? அது அண்ணை இல்லை."

"ஓம், அவன் இல்லைத்தான்." ஃபோனை எட்டி எடுத்து மடிக்குள் செருகினார். "கிடக்கட்டும். நீயும் வராட்டில், எனக்குக் கொண்டு திரிய ஒரு படம் வேணுமே."