வீடு என்ற சொல்லுக்குக் கூரை போட்ட ஓலை

செங்கழனி நாட்டின் மூன்று ஆறுகளும் வற்றாதிருக்க, எல்லையில் நின்று காத்தோர் அடுப்பு அணையாதிருக்க, தாழங்கோட்டு அரியணையில் வீற்றிருக்கும் பெருந்திறல் அதியரையர் திருவுள்ளப்படி அமைச்சன் வெண்பூதன் எழுதுவது. நூற்கடலும் சொற்கொண்டலும், ஒரு சொல்லுக்கு ஒன்பது பொருள் காண வல்லவருமான மருதத்துறை மானிய அவைத் தலைவர் பிட்டங்கூத்தனார் கண்டு தெளிக. உம் ஊர் செழிக்க. உம் மாளிகையின் மேல்தளம் நல்ல காற்றோட்டமாய் இருக்க. மேல்தளத்தைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

குமிழித்துறைப் போரில் நின்று மீண்ட மறவருள் வறியோர், குடிக்கூலி கொடுக்க வழியின்றிப் பெண்டு பிள்ளைகளோடு தெருவுக்கு வருவது கேட்டு மன்னர் மனம் நொந்து, அவர்கள் பொருட்டு மானியம் ஒதுக்கியருளினார். ஆணையை எழுதியவர் யாமே. ஓலை நறுக்குச் சிறிதாயிருந்தமையால், வறிய மறவர் குடும்பங்களுக்கு நிலையான வீடு கிட்டச் செய்க என்று சுருக்கி எழுதினோம். பிழை எம்முடையது. உம் கையில் ஒரு சொல்லைத் தனியே விட்டிருக்கக் கூடாது.

உம்மிடமிருந்து வந்த மறுமொழி நாற்பது கட்டு ஓலை. அதைச் சுமந்து வந்த எருது இன்னும் எழவில்லை. புலவர் எழுவர் கூடி, ஆறு நாள் வாதிட்டு, ஆறு நாளும் நெய்ச்சோறு உண்டு, மண்ணாலும் மரத்தாலும் கட்டிய எதுவும் நிலையானதன்று, ஆகவே மன்னர் கருதியது வீடுபேறே என்று முடிவு கண்டதாய் எழுதியிருந்தீர். அதற்கெனப் பதினாறு கால் மண்டபம் ஒன்று எழுப்பி, நாள்தோறும் சொற்பொழிவும் நடத்துகிறீராம். மண்டபத்துக்குக் கூரை உண்டு, சுவர் இல்லை என்றும் அறிந்தோம். மகிழ்ச்சி.

இந்நிலையில், போரில் ஒரு காலை இழந்த கணையன் என்பானின் மனைவி எயினி, இரண்டு பெண்மக்களை இழுத்துக்கொண்டு நேற்று எம் வாயிலுக்கு வந்தாள். அவர்கள் குடியிருக்கும் வீட்டுக்கு உடையவனான எண்ணெய் வணிகன், வரும் அமாவாசைக்குள் கூலி வராவிடில் சட்டி பானையைத் தெருவில் அடுக்குவதாகச் சொல்லிவிட்டானாம். அவள் கணையனோடு உம் அவைக்கு வந்து முறையிட்டபோது, அறம் பொருள் இன்பம் மூன்றுக்கும் பின்னரே வீடு வருமாதலின், முதல் மூன்றுக்கும் சான்று கொணர்க என்றார்களாம்.

நாட்டுக்குக் காலைக் கொடுத்தமையால் அறத்தில் கணையன் தேறினான். பொருள் ஏதும் இல்லாமையால் பொருளில் தவறினான். பொருள் தேடிக்கொண்டு மறுபடி வருக என்றார்களாம். பொருள் இருந்தால் இந்தப் பக்கம் எதற்கு வருகிறோம் என்று கேட்ட எயினி, தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். உம் எழுத்தர் அச்சிரிப்பையே சான்றாகக் கொண்டு, இன்பம் உண்டு என்று பதிந்துகொண்டாராம். அவருடைய விரைவை மெச்சினோம்.

பின்னர் ஆறுதலாக இருவரையும் மண்டபத்தில் அமர்த்தி, இவ்வுடலே ஒரு குடிக்கூலி வீடு, என்றேனும் காலி செய்யவேண்டியதுதான் என்று புலவர் ஒருவர் உரைத்திருக்கிறார். அதற்குக் கணையன், அந்த வீட்டில் ஒரு தூண் ஏற்கெனவே விழுந்துவிட்டது ஐயா, மிச்சத்தை நனையாமல் வைக்க ஓர் இடம் சொல்லும் என்று வேண்டினானாம். செத்தபின் கிடைக்கும் வீட்டுக்கு முன்பணம் உண்டா என்று எயினி எம்மைக் கேட்டாள். நூற்கடலாகிய உம்மையே கேட்கச் சொன்னோம்.

ஆதலின் ஆணையாவது: சொற்பொழிவுகள் இன்றோடு நிற்க. எந்த மறவர் குடும்பம் வாசலில் வந்து நின்றாலும், நான்கு பொருளையும் விடுத்து, வீட்டுக்காரன் யார் என்ற ஒன்றை மட்டும் கேட்டு, அவன் கையிலேயே கூலியைச் சேர்ப்பிக்க. கணையன் வீட்டுக் கூலி சேர்ந்தது என்று அந்த எண்ணெய் வணிகன் வாயால் சொல்லும் வரை, கணையன் குடும்பத்தார் உம் மாளிகையின் மேல்தளத்தில் இருப்பர். இடம் நெருக்கமாகத் தோன்றினால், பற்றறுத்தலை நன்கு அறிந்தவராகிய நீர் பதினாறு கால் மண்டபத்துக்கு எழுந்தருள்க. நாலாபுறமும் சாரல் அடிக்கும் என்கிறார்கள். வீடுபேற்றுக்கு அது உதவும்.

மன்னர் ஆணையில் வீடு என வரும் இடந்தோறும், இனி சுவர், கூரை, கதவு, உள்ளிருந்து போடும் தாழ் ஆகியவை உடையது என்றே பொருள் கொள்க. வேறு பொருள் காண விரும்புவோர் மண்டபத்தில் இருந்தபடி காண்க.

ஓலையைக் கொண்டுவருபவன் கணையனே. இலக்கணம் கல்லாதவன், வீடு என்றால் உள்ளே போய்ப் பாய் விரிப்பது என்று மட்டும் அறிந்தவன். பாயும் கையோடு கொண்டுவருகிறான். பின்னால் எயினியும் பெண்மக்களும் பானைகளோடு வருகிறார்கள்.

நாரை இலச்சினை இட்டோம். படியில் கட்டைக்கால் ஓசை கேட்டதும் கதவைத் திறக்க.