இந்த வாரமும் எண்பத்திரண்டு

மார்ச் 6

அன்புள்ள பஞ்சுவுக்கு,

உன் கடிதம் வந்தது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம் என்று படித்ததில் சந்தோஷம். நான் இருக்கிறேன். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். உள்ளே போகும்போது ஒரு எடை, நாலு மணி நேரம் கழித்து எழுந்தால் ஒரு எடை. சுமை இறக்க வந்த லாரியைப் போல என்னையும் இரண்டு தடவை நிறுத்து எழுதிக்கொள்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். எண்பத்து நாலு கிலோவில் ஆரம்பித்தாய். எழுபத்திரண்டுக்கு வந்தால்தான் உன் சிறுநீரகத்தை எடுத்து எனக்கு வைப்போம் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் அந்த எடைக்குறைப்புப் பிரிவில் உன்னைச் சேர்த்தோம். டாக்டர் மேற்பார்வை, உணவு ஆலோசகர், அடிக்கடி ரத்தப் பரிசோதனை, இரண்டு வேளைச் சாப்பாட்டுக்குப் பதில் கலக்கிக் குடிக்க மாவு. மூன்று மாதம் ஆயிற்று. இரண்டே கிலோதான் குறைந்தது என்கிறாய். எங்கேயோ இடிக்கிறது.

நான் லாரி நிறுக்கிற எடைமேடையில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருப்பவன். பின்சக்கரத்தை மேடைக்கு வெளியே நிறுத்துகிறவன், நிறுக்கும்போது கிளீனரை இறக்கிவிட்டு அப்புறம் ஏற்றிக்கொள்கிறவன், எல்லாரையும் பார்த்தாயிற்று. அதனால் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஒளித்து வைத்து ஏதாவது தின்கிறாயா? இல்லை, அவர்கள் மெஷினில்தான் கோளாறா? போனில் கேட்டால் அழுகிறாய், எண் காதில் விழ மாட்டேன் என்கிறது. எழுது.

உன் அண்ணன்

மார்ச் 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

எடுத்த எடுப்பிலேயே திருடியைப் பிடித்த மாதிரி எழுதியிருக்கிறாய். கை வலி எப்படி இருக்கிறது, ஊசி குத்தும் இடத்தில் வீக்கம் வடிந்ததா, அதை ஒரு வரி எழுதக் கூடாதா?

ஒளித்து எதுவும் தின்னவில்லை. அந்த மாவு சுவரில் பூசுகிற சுண்ணாம்பு போல இருக்கிறது, ஆனாலும் குடிக்கிறேன். நடக்கிறேன். திங்கட்கிழமை நர்ஸ் அக்கா நிறுத்தார். இந்த வாரமும் எண்பத்திரண்டு. "சில உடம்பு அப்படித்தாம்மா, பிடிவாதம் பிடிக்கும்"னு அவரே சொன்னார். நான் என்ன செய்ய?

வேலை நெட்டி முறிக்கிறது. ஒரு பள்ளிக்கூட அரங்கத்துக்கு மேடைத் திரை தைக்கிறேன். விளிம்பு முழுக்க ஈயக் குண்டு வைத்துத் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றில் பறக்கும். இருந்தது போதாதென்று இன்னும் இரண்டு பெட்டி குண்டு வந்து இறங்கியிருக்கிறது. வீட்டில் கால் வைக்க இடமில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். தண்ணீரை அளந்து குடி.

அன்புடன்,
பஞ்சு

மார்ச் 20

அன்புள்ள பஞ்சுவுக்கு,

வீக்கம் வடிந்துவிட்டது. போதுமா?

உடம்பு பிடிவாதம் பிடிக்கும் என்று நர்ஸ் சொன்னதை நான் நம்பவில்லை. எடைக்குப் பிடிவாதம் கிடையாது. எனக்கு அந்த இடத்தின் மேலேயே சந்தேகம். உன்னை வருடக்கணக்காக இழுத்தடிக்கப் பார்க்கிறார்களோ என்னவோ. ஒன்று செய். பிரிக்காத இரண்டு கிலோ உப்புப் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டு போ. முதலில் சும்மா ஏறி நில். பிறகு பொட்டலத்தோடு ஏறு. சரியாக இரண்டு கிலோ கூடினால் மெஷின் யோக்கியம். கூடாவிட்டால் நானே வந்து அவர்களைப் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. நேற்று மாப்பிள்ளை போன் பண்ணினார். பேச்சுவாக்கில், "அவ மோதிரம் கழண்டு கழண்டு விழுது மச்சான், நூல் சுத்திப் போட்டிருக்கா" என்றார். எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. எண்பத்திரண்டு கிலோக்காரியின் மோதிரம் ஏன் கழன்று விழுகிறது? விரல் மட்டுமா இளைத்தது? பூசி மெழுகாமல் பதில் எழுது.

உன் அண்ணன்

ஏப்ரல் 2

அண்ணாவுக்கு,

நான் உன் லாரி இல்லை. உப்புப் பொட்டலத்தோடு போய் நின்றால் சிரிக்க மாட்டார்களா? நர்ஸ் அக்கா விட மாட்டார், அதெல்லாம் கூடாது என்பார்.

நாள் முழுக்கத் துணி நனைக்கிறேன், குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்குகிறது. அவ்வளவுதான் மோதிரக் கதை. அவருக்கு வேறு வேலை இல்லை.

என்னை நம்பவில்லை என்றால் நேராகச் சொல். இந்த வாரமும் எண்பத்திரண்டு.

பஞ்சு

ஏப்ரல் 11

பஞ்சு,

நர்ஸுக்கு நானே போன் பண்ணினேன். கேட்காமல் செய்தது தப்புதான். மெஷினைப் போன மாதம்தான் சரிபார்த்தார்களாம். பொட்டலம் கொண்டு வந்தால் தாராளமாக நிறுத்துப் பார்க்கலாம் என்றார். நீ அவரிடம் கேட்கவே இல்லையாம்.

உன்னைப் பற்றி நல்லவிதமாகத்தான் பேசினார். "முகமெல்லாம் நல்லா இளைச்சிருக்கு சார், ஏன் எடை இறங்கலேன்னு டாக்டருக்கே புரியல. வாராவாரம் அதே நீளப் பாவாடையில்தான் வருவாங்க. நம்ம ஃபேன் காத்துக்கு எல்லார் துணியும் பறக்கும், அவங்க பாவாடை மட்டும் ஆடாம நிக்கும், அவ்வளவு அடக்கம்" என்றார்.

உன் பழைய கடிதத்தைத் தேடி எடுத்துத் திரும்பப் படித்தேன். காற்றில் ஆடாமல் இருக்க விளிம்பில் என்ன வைத்துத் தைப்பார்கள் என்று நீதானே எழுதியிருந்தாய்.

இத்தனை வருடத்தில் எடையைக் குறைத்துக் காட்டப் பார்த்தவர்களைத்தான் அதிகம் பிடித்திருக்கிறேன். அதனால்தான் கூட்டிக் காட்டுகிறவளை இத்தனை மாதமாகக் கோட்டை விட்டேன்.

இரண்டு நாள் எரிந்துகொண்டிருந்தேன். மறைக்காமல் சொல்கிறேன், நீ செத்துப் போ என்று சொன்னதாகவே எனக்குப் பட்டது. மூன்றாம் நாள் டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருந்தபோது வேறொன்று நினைவுக்கு வந்தது. முதல் நாள் டாக்டர், "உங்க தங்கைக்குச் சம்மதமா?" என்று கேட்டார். "அவ என் தங்கச்சி சார், இதுல கேக்க என்ன இருக்கு?" என்று பதில் சொன்னது நான். நீ பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாய். அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உன்னை யாரும் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். கொடுக்கிறாயா, மாட்டாயா? என்ன சொன்னாலும் உன்மேல் பழி வராது. நேற்றே ஆஸ்பத்திரியில், தங்கையிடமிருந்து வாங்க எனக்கு மனசில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மாவிடமும் மாப்பிள்ளையிடமும் அதையே சொல்லியிருக்கிறேன். உனக்கு மனமிருந்தால் அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

எனக்குத் தெரிய வேண்டியது உன் பதில் ஒன்றுதான். சுற்றி வளைக்காமல் எழுது.

அண்ணன்

ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாலு காகிதம் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

மாட்டேன், அண்ணா. எனக்குப் பயமாக இருக்கிறது. மயக்க மருந்து கொடுத்தால் திரும்ப எழுந்திருக்க மாட்டேன் என்று தோன்றுகிறது. டாக்டர் எவ்வளவு விளக்கியும் அது போகவில்லை. முதல் நாள் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. மெஷினே முடியாது என்று சொல்லிவிட்டால் நான் சொல்ல வேண்டியதில்லையே என்று இருந்தேன்.

ஒளித்துத் தின்றால் எடை ஏறிவிடும் என்று அதையும் செய்து பார்த்தேன். தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. பயத்திலேயே இளைத்துவிட்டேன். அதன் பிறகுதான் குண்டு. முதலில் விளிம்பில் மட்டும். பிறகு இடுப்பில் ஒரு பட்டி தைத்துக் கட்டினேன். ஒவ்வொரு வாரமும் எவ்வளவு இளைத்தேனோ அவ்வளவு சேர்த்தேன். திங்கட்கிழமைகளில் மாடிப்படி ஏறும்போது மூச்சு முட்டும். உனக்குத் துரோகம் செய்கிறேன் என்று ஒவ்வொரு படியிலும் தெரியும்.

நேற்று எல்லாவற்றையும் பிரித்தெடுத்துவிட்டு ஏறி நின்றேன். எழுபத்தொன்று. நர்ஸ் அக்கா இறங்கச் சொல்லி மறுபடி ஏறச் சொன்னார். மெஷின் சரியாகத்தான் இருக்கிறது, நான்தான் பொய் என்றேன். டாக்டரிடமும் நானே போய் என் விருப்பத்தோடு விலகுகிறேன் என்று சொல்லிவிட்டேன். உன் காகிதத்துக்குப் பின்னால் நான் ஒளிய வேண்டாம்.

என் முகத்தில் விழிக்க உனக்கு இஷ்டமில்லை என்றால் அது நியாயம்தான். இஷ்டமிருந்தால், ஊசி குத்துகிற நாட்களில் வந்து பக்கத்தில் உட்காருகிறேன். அது என்னால் முடியும்.

பஞ்சு

ஏப்ரல் 27

அன்புள்ள பஞ்சுவுக்கு,

உன் கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன். இந்தத் தடவைதான் நீ எழுதிய எண்ணை நம்பினேன்.

வருத்தம் இல்லை என்று நான் எழுதினால் அது உன் எண்பத்திரண்டைப் போலத்தான் இருக்கும். நிறைய இருக்கிறது. சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களின் ஆஸ்பத்திரி வரிசையில் என் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள், முன்னால் நிறையப் பேர்.

செவ்வாய், வியாழன், சனி. மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை. ஏழாம் கட்டில், ஜன்னல் பக்கம். ஒரு நாற்காலிதான் போடுவார்கள், அதனால் தனியாக வா. ஒரு வாரம் வந்துவிட்டு மறு வாரம் சாக்குச் சொல்வாயோ என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. வந்து காட்டு.

அந்தப் பாவாடையைப் போட்டுக்கொண்டு வராதே.

உன் அண்ணன்