வாத்து நடை

ஜூன் 3
பேன்ட் போடுவது இவ்வளவு பெரிய வேலையா? ஒற்றைக் காலில் நின்றதும் அடிவயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்புகள் சேரும் இடத்தில், சுரீர். கட்டிலில் உட்கார்ந்துதான் மாட்ட முடிந்தது. ஆறாவது வாரம். இப்போதே வலிக்கலாமா? போன தடவையும் இப்படித்தான் ஆரம்பித்ததா? இல்லை, அது வேறு மாதிரி. வேறு மாதிரிதானே?

பாத்ரூம் போகும்போதெல்லாம் விளக்கைப் போட்டு உற்றுப் பார்க்கிறேன். பகலில்கூட. ரத்தம் இல்லை. இதுவரை இல்லை.

ஜூன் 4
டாக்டரம்மா ஸ்கேன் பார்த்தார். கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதாம். துடிப்பு தெரியக் கொஞ்ச நாள் ஆகுமாம். வலிக்கு? "மூட்டெல்லாம் இளக ஆரம்பிக்கும்மா. சிலருக்கு இவ்வளவு சீக்கிரமே வந்துடும். ரத்தம் பட்டாலோ, ஒரே பக்கமா குத்தினாலோ, காய்ச்சல், மயக்கம் வந்தாலோ நேரம் காலம் பார்க்காம ஓடி வா. இல்லைன்னா பயப்படாதே." புரளும்போது முழங்கால்களை ஒட்டி வைத்துப் புரள வேண்டும். நடுவில் தலையணை.

"வீட்ல சொல்லிடலாமா?" என்றார் இவர். வேண்டவே வேண்டாம். மூன்று மாதம் முடியட்டும். போன தடவை மாமனார் சந்தோஷத்தில் தெருமுனை சலூன் வரைக்கும் சொல்லிவிட்டார். பிறகு, எல்லாம் முடிந்துபோனதும், ஒவ்வொருவரிடமும் போய் இல்லை என்று சொன்னதும் அவர்தான். அந்த முகத்தை இன்னொரு தடவை என்னால் பார்க்க முடியாது.

ஜூன் 7
அகப்பட்டுக்கொண்டேன். "என்னம்மா, வாத்து மாதிரி நடக்கற?" என்றார் அத்தை.

வாயில் வந்ததைச் சொன்னேன்: "கடையில ஸ்டூல்ல உருண்டு உருண்டு இடுப்பு பிடிச்சிக்கிச்சு அத்தை." மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கக் கண் பரிசோதனை. சக்கரம் வைத்த ஸ்டூல். பாதி உண்மைதான்.

மாமா டிவியை நிறுத்திவிட்டார். "முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் நான். இடுப்பு வலியைப் பத்தி என்னைக் கேளு." யாரும் கேட்கவில்லை. அவர் சொல்லாமலும் விடவில்லை.

ஜூன் 8
மாமா இடுப்பு பெல்ட் வாங்கி வந்துவிட்டார். குழாய் ரிப்பேர்காரர்வரை என் இடுப்பின் புகழ் பரவிவிட்டது. தெருவே விசாரிக்கிறது. சிரிக்கவும் முடியவில்லை, சிரித்தால் வலிக்கிறது.

ஜூன் 11
ஐயோ! எழுதினால்தான் தூக்கம் வரும்.

அத்தை லீவு போடச் சொல்லி எலும்பு டாக்டரிடம் இழுத்துப் போனார். தனியாக ஒரு நிமிடம் கிடைத்தால் டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அத்தை கையை விட்டால்தானே? டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க."

எக்ஸ்ரே அறை வாசலில் இருந்த பெண், டோக்கன் கேட்கிற குரலில் கேட்டாள்: "கர்ப்பமா இருக்கீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றார் அத்தை.

"ஆமா" என்றேன் நான்.

இரண்டும் ஒரே நேரத்தில். அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "யாராவது ஒருத்தர் சொல்லுங்க."

அத்தை என் பையை வாங்கிக்கொண்டு வராண்டா பெஞ்சுக்கு நடந்தார். கோபம் என்றுதான் நினைத்தேன். "மன்னிச்சிடுங்க அத்தை, போன தடவை மாதிரி..."

"எனக்குச் சேதி சொல்ல ஒரு எக்ஸ்ரேக்காரி வரவேண்டியிருக்கு, பாரு." அழுகிறாரா, சிரிக்கிறாரா? இரண்டும்தான். எதிரே காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தவர் பாவம், தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"அந்த மனுஷன்கிட்ட மட்டும் இப்போ வேண்டாம். வாய் சும்மா இருக்காது" என்றார் அத்தை. பிறகு, மெதுவாக: "தாங்கவும் மாட்டாரு."

வீட்டில் மாமா வாசலிலேயே நின்றிருந்தார். "டாக்டர் என்ன சொன்னாரு?"

"சரியாகக் கொஞ்ச மாசம் ஆகுமாம். வெயிட் தூக்கக் கூடாதாம்" என்றார் அத்தை, கண் இமைக்காமல். கில்லாடி!

ஜூன் 18
துடிக்கிறது! துடிக்கிறது!

ஸ்கேன் டாக்டர் திரையை என் பக்கம் திருப்பி, "தெரியுதா?" என்றார். நாள் முழுக்க நான் மற்றவர்களைக் கேட்கிற கேள்வி. இப்போ தெரியுதா? இதுல? இன்று பதில் சொல்வது என் முறை. "தெரியுது" என்று கத்தியேவிட்டேன். மினுக், மினுக், மினுக்.

அத்தை கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். என் வீட்டிலேயே இப்படி! "எங்கேடா? எங்கே?" என்று தவித்ததைப் பார்த்து இவர் தன் கண்ணாடியைக் கழற்றி மாட்டிவிட்டார். அந்தப் பவருக்கும் அத்தை கண்ணுக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் "தெரியுது, தெரியுது" என்று கண்ணீர் விட்டார். வாடிக்கையாளர் பொய் சொல்வது தெரிந்தும் நான் லென்ஸை மாற்றாமல் விட்டது இன்றுதான்.

ஜூன் 27
வலி அப்படியேதான். நான் முழங்காலை ஒட்டிப் புரளும்போதெல்லாம் இவர் லாரிக்கு ரிவர்ஸ் சொல்வது போல் "வரலாம், வரலாம், ரைட்" என்கிறார். ஒரு நாள் உதைக்கப் போகிறேன். கால் தூக்க முடியட்டும்.

ஜூலை 16
மூன்று மாதம் முடிந்தது. மாமாவிடம் சொன்னோம்.

"அப்போ இடுப்பு?"

"அதுவும் இதனாலதான் மாமா."

ஓடப்போகிறார் என்று பார்த்தேன். வாசல்வரை போனார். செருப்பை மாட்டினார். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டே நின்றார். கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். "நான் ஏன் சொல்லணும்? வயிறு சொல்லட்டும்."

சாயங்காலம் டிவி பார்க்கும்போது அந்த பெல்ட்டை அவரே கட்டிக்கொண்டிருந்தார். காசு வீணாகக் கூடாதாம்.

ஜூலை 19
விடியற்காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து, முழங்காலை ஒட்டி மெல்லப் புரண்டு படுத்தேன். இவர் தூக்கத்திலேயே "வரலாம், வரலாம்" என்றார். சிரிப்பு வந்தது. அப்போதுதான் உறைத்தது. நான் விளக்கைப் போடவே இல்லை.